கரன்சி வர்த்தகம்: ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டுமா?

கேள்விக்குறி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு வாரமாக ஓடும் வாக்குவாதத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

என் மச்சினன் 35,000 ரூபாய் கட்டி ஒரு கரன்சி ட்ரேடிங் வகுப்பில் சேரப்போகிறான். படித்து முடித்ததும் இரண்டு லட்சம் போட்டு ஆரம்பிப்பானாம். நான் சொன்னேன்: "பங்கு என்றால் கம்பெனி வளரும், டிவிடெண்ட் வரும். டாலரும் யூரோவும் குட்டி போடாது. நீ ஜெயிக்கிற ஒவ்வொரு ரூபாயும் எவனோ தோற்ற ரூபாய். ஆகமொத்தம் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்."

அவன் சொல்வது: "மாமா, ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர் புழங்குகிற சந்தை. ஏற்றுமதியாளர், சுற்றுலாப் பயணி, மத்திய வங்கி என்று லாபத்தையே பார்க்காதவர்கள் எவ்வளவு பேர்! அவர்கள் விடுகிற காசை நாம் எடுக்கிறோம். இதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது."

எனக்குப் பதில் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

டிக்_பை_டிக்

நீங்கள் சொல்வதுதான் சரி. 2010-லிருந்து பல வருஷம் என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) கரன்சி பிரிவில் உட்கார்ந்தவன் நான், அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதையே சொல்கிறேன்.

டாலர்-ரூபாய் ஃபியூச்சர் என்பது பின்னொரு தேதிக்கான டாலர் விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம். அதில் ஒரு லாட், அதாவது குறைந்தபட்ச அளவு, 1,000 டாலர். விலை கால் பைசா கால் பைசாவாக நகரும். ஒரு நகர்வுக்கு 2 ரூபாய் 50 காசு. நான் ஒரு லாட் வாங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ஒரு லாட் விற்றே ஆகவேண்டும். மாலையில் சந்தை முடிந்ததும் அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்து, இறங்கியவர் கணக்கில் கழித்து ஏறியவர் கணக்கில் போடுவார்கள். என் கணக்கில் 2,500 ரூபாய் ஏறியிருந்தால் எங்கோ ஒருவர் கணக்கில் 2,500 இறங்கியிருக்கும். டாலர் கையில் வருவதே இல்லை, கடைசி நாளிலும் ரூபாயில்தான் தீர்வு. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

ஆனால் பூஜ்யம் என்பதுகூட வெளியிலிருந்து பார்ப்பவர் கணக்கு. 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் டாலர் 83 ரூபாயைச் சுற்றியே படுத்துக் கிடந்தது. பல நாள் முழுநாள் ஆட்டமே ஐந்து, பத்து பைசாதான். நீங்கள் ஒரு லாட் வாங்கி விற்றால் தரகு இரண்டு பக்கமும் சேர்த்து 40 ரூபாய், ஜி.எஸ்.டி. 7.20. ஆக 47 ரூபாய் 20 காசு. ஒரு லாட்டுக்கு ஒரு பைசா நகர்வு என்பது பத்து ரூபாய். அப்படியானால் கிட்டத்தட்ட ஐந்து பைசா உங்கள் பக்கம் போன பிறகுதான் நீங்கள் பூஜ்யத்துக்கே வருகிறீர்கள். வாங்கியவர், விற்றவர் இரண்டு பேரும் இந்தக் காசைக் கொடுக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் மைனஸ்.

அப்புறம் அந்த 7.5 லட்சம் கோடி. சர்வதேசத் தீர்வு வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கு அது. அதில் ஏறக்குறைய பாதி ஸ்வாப். இன்றைக்கு டாலர் கொடுத்து யூரோ வாங்கி, குறித்த தேதியில் முன்பே பேசிய விலைக்குத் திருப்பிக் கொடுப்பது. அடமானக் கடன் மாதிரி. விலை ஏறுமா இறங்குமா என்று யாரும் பந்தயம் கட்டுகிற பணம் அல்ல. தம்பியின் வகுப்பில் இதைச் சொல்லமாட்டார்கள்.

திருப்பூர்_கணக்கர்

டிக் சார், உங்கள் கூட்டல் கழித்தல் சரி. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போல விளையாட வந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் இருபது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஒரு ஆர்டர் வருகிறது, ஒரு லட்சம் டாலர், 90 நாளில் பணம். நூல் இன்றைக்கே ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். சாயப்பட்டறைக்கு ரூபாய். சனிக்கிழமை சம்பளமும் ரூபாய். பையரிடம் விலை சொன்னபோது நான் டாலருக்கு 83 ரூபாய் போட்டுக் காஸ்டிங் பார்த்திருக்கிறேன். பீஸுக்கு லாபம் சில ரூபாய்தான். டாலர் 81-க்கு வந்துவிட்டால் அந்த ஆர்டரே தண்டம்.

அதனால் வங்கியில் ஃபார்வர்டு போடுகிறேன், அதாவது பிறகு வரப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசிவிடுகிறேன். இன்றைய விலை 83.10 என்றால் மூன்று மாதத்துக்கு 83.60 மாதிரி கிடைக்கும். தேதி வந்தபோது டாலர் 84.50 என்று வையுங்கள். டிக் சார் கணக்கில் நான் 90,000 ரூபாய் 'தோற்றுவிட்டேன்'. முதலாளி அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதுவும் உண்மை. ஆனால் அந்த மூன்று மாதமும் நாங்கள் தூங்கினோம். அடுத்த ஆர்டருக்கு நூல் புக் பண்ணினோம். 83-க்குப் போட்ட காஸ்டிங் 83.60-க்கு முடிந்தது. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எதிர்ப்பக்கம் அந்த மூன்று மாதத்தில் டாலர் கட்ட வேண்டிய ஓர் எண்ணெய் இறக்குமதியாளர் இருந்திருந்தால் அவருக்கும் வேண்டியது கிடைத்திருக்கும். நடுவில் வங்கி சில பைசா எடுத்துக்கொண்டது. இதில் யார் தோற்றார்?

டிக்_பை_டிக்

நீங்கள்தான். 90,000 ரூபாய். தூக்கத்துக்கு விலை வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

ஷார்ஜா_அண்ணாச்சி

தம்பி டிக், ஏலச்சீட்டு போட்டதுண்டா?

இருபது பேர், ஆளுக்கு 5,000. மாதம் ஒரு லட்சம் சேர்கிறது. ஒருவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். சீட்டு நடத்துகிறவர் கமிஷன் 5,000. மீதி 20,000-ஐ இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். ரூபாயை மட்டும் கூட்டினால் மொத்தம் மைனஸ் 5,000. உள்ளே வந்த பணத்தைவிட வெளியே போன பணம் கம்மி. அப்படியும் எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாகச் சீட்டு ஓடுகிறது. ஏன்? முதல் மாதம் தள்ளி எடுத்தவர் மகள் கல்யாணத்தை முடித்தார். கடைசி மாதம் எடுத்தவர் வட்டி மாதிரி நாலு காசு பார்த்தார். தள்ளி எடுத்தவரைப் பார்த்து "25,000 தோற்றுவிட்டாயே" என்று யாரும் துக்கம் விசாரித்ததில்லை.

திருப்பூர்க்காரர் சொல்கிறது அதுதான். ரூபாயில் மைனஸ், தேவையில் பிளஸ்.

ஆனால் சீட்டில் தேவையும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் சும்மா தள்ளிப் பார்க்கலாம் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? கமிஷன் கொடுத்ததுதான். கேள்விக்குறியின் மச்சினன்தான் அந்த ஆள் என்று தோன்றுகிறது.

கேள்விக்குறி

அண்ணாச்சி, இதை அப்படியே அவனிடம் சொன்னேன். "சீட்டில் ஸ்டாப் லாஸ் போட முடியாது மாமா" என்கிறான். (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டால் தானாக விற்றுவிடும் ஏற்பாடாம்.)

கணக்கு_வாத்தியார்

இரண்டு தரப்பும் வேறு வேறு எதையோ எண்ணிக்கொண்டு ஒரே சொல்லைப் போட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். இதில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த நாணயத்தில் எண்ணுவது?

ஒரு விளையாட்டு. இன்று ஒரு டாலர் ஒரு பிராங்க் என்று வைப்போம். அமெரிக்கர் 100 டாலர் கொடுத்து சுவிஸ்காரரிடம் 100 பிராங்க் வாங்குகிறார். ஒரு வருஷம் கழித்து டாலர் இரண்டு பிராங்காக ஏறலாம், அல்லது அரை பிராங்காக இறங்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு.

அமெரிக்கரின் கையில் 100 பிராங்க். டாலர் ஏறினால் அதன் மதிப்பு 50 டாலர், இறங்கினால் 200 டாலர். சராசரி 125. போட்டது 100.

சுவிஸ்காரரின் கையில் 100 டாலர். டாலர் ஏறினால் 200 பிராங்க், இறங்கினால் 50. சராசரி 125. போட்டது 100.

இரண்டு பேருமே சராசரியாக 25 சதவீத லாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்! யாரும் ஏமாற்றவில்லை, கணக்கில் பிழையும் இல்லை. ஜெர்மி சீகல் என்ற பொருளியலாளர் 1972-ல் எடுத்துக்காட்டிய முரண் இது.

டிக்_பை_டிக்

வாத்தியாரே, அப்படியானால் நாளைக்கே நாலு பேர் உட்கார்ந்து நாணயத்தை மாற்றி மாற்றிப் பணக்காரர் ஆகலாமே. எங்கேயோ இடிக்கிறது.

கணக்கு_வாத்தியார்

இடிக்கிற இடத்தையும் நானே காட்டுகிறேன், அதற்குத்தான் போட்டேன்.

வருஷ முடிவில் எது நடந்ததோ அதை மட்டும் எடுங்கள். டாலர் இரண்டு பிராங்க் ஆகிவிட்டது. அமெரிக்கர் 100 டாலரை வைத்திருக்கலாம், இப்போது 50 டாலர் மதிப்புள்ள பிராங்க்தான் இருக்கிறது. 50 டாலர் நஷ்டம். சுவிஸ்காரர் 100 பிராங்கோடு நின்றிருக்கலாம், இப்போது 200. நூறு பிராங்க் லாபம், அன்றைய விலையில் அது 50 டாலர். கூட்டினால் பூஜ்யம். பிராங்கில் எண்ணினாலும் பூஜ்யம். டாலர் இறங்கிய பக்கத்தையும் போட்டுப் பாருங்கள், அங்கேயும் பூஜ்யம்தான்.

ஆக, நடந்து முடிந்ததை ஒரே நாணயத்தில் எண்ணினால் டிக் சொல்வது எப்போதும் சரி. ஆனால் ஒருவருக்குச் செலவு டாலரில், இன்னொருவருக்குச் செலவு பிராங்கில் என்றால், இரண்டு பேரும் மனமொப்பி ஒரே பேரத்துக்கு வருவதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. திருப்பூரின் செலவு ரூபாயில், எண்ணெய்க்காரரின் கடன் டாலரில். அவரவர் கவலை அவரவர் நாணயத்தில்.

இன்னொன்றும் பாருங்கள். 'வைத்திருக்கலாம்', 'நின்றிருக்கலாம்' என்று இரண்டு தடவை எழுதினேன். ஃபியூச்சரில் இந்தக் 'கலாம்' தேவையில்லை. அங்கே தினமும் மாலை நிஜமாகவே காசு ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகிறது. ரொக்கமாக மாற்றிக்கொள்ளும் சந்தையில் நஷ்டம் என்பது 'மாற்றாமல் இருந்திருந்தால்' என்ற நினைப்பில் மட்டும் இருக்கிறது. ஒருகாலத்தில் ரிசர்வ் வங்கி 45 ரூபாய்க்கு வாங்கிய டாலரைப் பிற்பாடு 83-க்கு விற்றது. அதில் வரும் லாபம் அரசுக்கு அது கொடுக்கும் உபரியில் சேர்கிறது. 2023-24-க்கான உபரி 2.11 லட்சம் கோடி ரூபாய், அதில் டாலர் விற்ற லாபமும் உண்டு. சரி, அன்றைக்கு 45-க்கு விற்றவர் தோற்றாரா? அவர் அந்த ரூபாயில் தறி வாங்கிப் போட்டு, தறியும் தேய்ந்து, மேஜையை விட்டு எழுந்து போய் வருஷக்கணக்காகிறது. அவரைத் தேடிப் பிடித்து நஷ்டக் கணக்கில் சேர்த்தால்தான் பூஜ்யம் வரும்.

ஷார்ஜா_அண்ணாச்சி

இங்கே திர்ஹம் 1997-லிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதனால் ரூபாய் சரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நம் ஆட்களின் வரிசை தெருமுனை வரை நீளும். எல்லாருக்கும் சிரிப்பு. ஊரில் அம்மா சமையல் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று போனில் புலம்புவார். அனுப்பிய கூடுதல் காசில் கொஞ்சம் அந்த எண்ணெய்க்கே போகும். வாத்தியார் சொன்ன மாதிரி எந்த மேஜையில் எண்ணுவது என்றே தெரியவில்லை.

திருப்பூர்_கணக்கர்

வாத்தியாருக்கு நன்றி. பிராங்க் என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. நான் மேலே எங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதிவிட்டேன். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2007 கடைசியில் டாலர் 39 ரூபாய்க்கு வந்துவிட்டது. வெறும் ஃபார்வர்டு போட்டால் நஷ்டத்தைப் பூட்டி வைப்பது மாதிரி. அப்போது வங்கிகள் ஊர் முழுக்க வந்தன. டை கட்டிய பையன்கள், லேப்டாப்பில் வண்ண வண்ணப் படம். "டாலர்-ரூபாயில் விட்டதை டாலர்-பிராங்கில் எடுத்துவிடலாம். டாலரின் பிராங்க் விலை இதற்குக் கீழே வந்ததே இல்லை. வராத வரைக்கும் உங்களுக்கு லாபம், கைக்காசு போட வேண்டாம்." எங்கள் கம்பெனியும் கையெழுத்துப் போட்டது. சுவிட்சர்லாந்துக்கு ஒரு பனியன்கூட நாங்கள் அனுப்பியதில்லை. யென்னில் போட்ட கம்பெனிகளும் பக்கத்திலேயே இருந்தன.

2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது. எங்கள் ஒரு வருஷ லாபத்தைவிடப் பெரிய தொகையை வங்கி கேட்டது. இயந்திரம் வாங்க வைத்திருந்த பணம் போனது. முதலாளி ஆறு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த ஊரில் இன்றைக்கும் 'டெரிவேட்டிவ்' என்று சொன்னால் வயதானவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அதே கம்பெனி, அதே வங்கி, அதே கணக்கர். ஃபார்வர்டு போட்டபோது எங்களுக்கு ஒரு தேவை இருந்தது. பிராங்கில் போட்டபோது நாங்கள் டிக் சார் சொல்கிற மேஜைக்கு மாறி உட்கார்ந்துவிட்டோம். மாறினோம் என்பதே அப்போது தெரியவில்லை, இரண்டுக்கும் வங்கி 'ஹெட்ஜிங்' (நஷ்டத் தடுப்பு) என்றே பெயர் வைத்திருந்தது.

சட்டப்புள்ளி

இது நீதிமன்றத்துக்கும் போன கேள்வி, அதனால் உள்ளே வருகிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயம் என்றால் இரண்டு பேருக்கும் அந்த விஷயத்தில் வேறு எந்த அக்கறையும் இல்லாமல், ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்பது என்பது மட்டுமே பேரமாக இருப்பது. இங்கே பேசிக்கொண்டிருக்கும் பூஜ்ய ஆட்டத்துக்குச் சட்டத்தில் இருக்கும் பெயர் என்றே சொல்லலாம்.

2007-ல் போட்ட டாலர்-பிராங்க் ஒப்பந்தங்களில் ஒன்று ராஜஸ்ரீ சுகர்ஸுக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையே. சர்க்கரை கம்பெனி தரப்பு "இது பந்தயம், செல்லாது" என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 45-வி பிரிவும் இத்தகைய ஒப்பந்தங்களைச் செல்லுபடியாக்குகிறது.

ஒப்பந்தம் செல்லும் என்பது ஒன்று, அதில் இறங்குவது புத்திசாலித்தனமா என்பது வேறு. முதலாவதை மட்டும் நீதிமன்றம் சொன்னது. என் சொந்தக் கருத்து: திருப்பூர்க்காரர் சொன்ன 'தேவை' என்பதுதான் கோடு. ஆனால் அந்தக் கோட்டை ஒப்பந்தத் தாளில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டிக்_பை_டிக்

கணக்கர் சார் மனசைத் தொட்டுவிட்டார். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். தேவையோடு வருபவர் கொடுக்கும் அந்த 90,000-ஐ யாராவது எடுக்கிறார்கள், அது உண்மை. அப்படியானால் விளையாட வந்தவர்கள் எல்லாரையும் ஒரு கூட்டமாக வைத்தால் அவர்களுக்குக் கொஞ்சம் பிளஸ் இருக்க வாய்ப்புண்டு. மச்சினன் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் யார் எடுக்கிறார்கள்? பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ-வை (ஃபியூச்சர், ஆப்ஷன் ஆட்டத்தை)ப் பற்றி, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் போட்ட ஆய்வைப் பாருங்கள். கரன்சி அல்ல, ஆனாலும் மேஜை ஒரே மாதிரி. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆய்வில் 2023-24-ல் லாபம் பார்த்தவர்கள் சொந்தப் பணத்தில் ஆடும் தரகு நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். பெரும்பாலும் கணினி நிரல் வைத்து ஆடுபவர்கள். தனிநபர்கள் மூன்று வருஷத்தில் தரகு, கட்டணம் என்று மட்டும் கொடுத்தது ஏறக்குறைய 50,000 கோடி. இந்தப் பணத்தை எந்த ஆட்டக்காரரும் ஜெயிக்கவில்லை, அது மேஜையை விட்டே வெளியே போய்விட்டது.

ஐரோப்பாவில் கரன்சியும் சேர்ந்த ஆட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. அங்கே கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் சி.எஃப்.டி. (பொருளை வாங்காமல் விலை வித்தியாசத்தில் மட்டும் ஆடுவது) கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று சொல்லி, முக்கிய நாணயங்களுக்குக் கடன் பெருக்கத்தை (போட்ட பணத்தைப் போல் எத்தனை மடங்குக்கு ஆடலாம் என்பதை) 30 மடங்கோடு நிறுத்தியது. ஒவ்வொரு தரகரும் தன் வாடிக்கையாளரில் எத்தனை சதவீதம் தோற்கிறார்கள் என்று விளம்பரத்திலேயே போட வேண்டும்.

மதுரை_மீள்பார்வை

பெரிய ஆட்டக்காரர்கள் மத்திய வங்கிகளிடம் எடுத்த கதை யாரும் சொல்லவில்லையே. 1992 செப்டம்பர் 16. பவுண்டைத் தாங்கிப் பிடிக்க பிரிட்டன் ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12 ஆக்கி, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தது. சாயங்காலம் கையை விரித்துவிட்டது. பவுண்டு விழும் என்று பந்தயம் கட்டிய ஜார்ஜ் சோரஸின் முதலீட்டு நிதி சுமார் 100 கோடி டாலர் எடுத்தது. பிரிட்டிஷ் நிதித்துறை பிற்பாடு வெளியிட்ட கணக்கில் நாட்டுக்குச் செலவு 330 கோடி பவுண்டு.

இதுவரை பூஜ்ய ஆட்டம். ஆனால் பவுண்டைக் காப்பாற்றும் வேலை ஒழிந்ததும் வட்டி இறங்க ஆரம்பித்தது. 1993 ஜனவரியில் 6 சதவீதம். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களும் தொழில் நடத்தியவர்களும் மூச்சு விட்டார்கள். அந்த நாளைக் கறுப்புப் புதன் என்றவர்களில் சிலர் பிறகு வெள்ளைப் புதன் என்றார்கள். இதை எந்தப் பேரேட்டில் ஏற்றுவீர்கள் டிக் சார்?

டிக்_பை_டிக்

வேறு பேரேட்டில். என் பேரேட்டில் அந்த 330 கோடி வரி கட்டியவர்கள் பணம்.

2015 ஜனவரி 15-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று 2011 முதல் காத்துவந்த சுவிஸ் மத்திய வங்கி, ஒரு வியாழக்கிழமை காலை அந்த வரம்பை எடுத்துவிட்டது. நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே. ஸ்டாப் லாஸ் போட்டவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. (மச்சினனிடம் இந்த வரியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.) எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற தரகு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் 22.5 கோடி டாலர் கடன்பட்டு நின்றார்கள். அல்பாரி என்ற இன்னொரு தரகரின் பிரிட்டன் நிறுவனம் மூடப்பட்டது. ஜெயித்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, தோற்றவரிடம் இல்லாததால் தரகர் கொடுத்தார். கூட்டுத்தொகை அப்போதும் மாறவில்லை.

சூடுபட்ட_பூனை

ஒரு வருஷமாக இங்கே படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

மச்சினன் மாதிரியே வகுப்பில் சேர்ந்தவன் நான். அதற்கப்புறம் வெளிநாட்டுச் செயலி ஒன்று, 500 மடங்கு கடன். நூறு டாலர் போட்டால் 50,000 டாலர் வரைக்கும் பிடிக்கலாம். அப்போது அதைச் சலுகை என்று நினைத்தேன். நான் பிடித்தது 40,000 யூரோ. ஒரு பிப் (யூரோவின் விலையில் 0.0001 டாலர்) நகர்ந்தால் 4 டாலர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் ஒன்றரை பிப் வித்தியாசம், அதாவது பொத்தானை அமுக்கிய உடனே 6 டாலர் போய்விடும். என் நூறில் ஆறு சதவீதம். பத்து தடவை வாங்கி விற்றால், விலை அசையாமல் நின்றாலும் 60 டாலர் காலி. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்குவேன்.

எதிர்ப்பக்கம் யார் என்று நான் யோசித்ததே இல்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர் இல்லை, சோரஸும் இல்லை. பல செயலிகளில் எதிர்ப்பக்கம் அந்தத் தரகரே. உங்கள் ஆர்டர் எந்தச் சந்தைக்கும் போவதில்லை. பி-புக் என்பார்கள். நான் தோற்றால் அது அவர்கள் வருமானம். எனக்கு 'சிக்னல்' கொடுத்த டெலிகிராம் குழுவுக்கும் அதில் ஒரு பங்கு போனது என்று பிறகு தெரிந்தது. மொத்தம் 1,40,000 ரூபாய். வீட்டில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எடுக்கப் போனபோது "உங்கள் நாட்டு விதிப்படி ஆவணம் வேண்டும்" என்று இழுத்தடித்தார்கள். புகார் கொடுக்கலாம் என்றால், அங்கே பணம் அனுப்பியதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு என்று ஒருவர் சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சட்டப்புள்ளி

அவர் சொன்னது சரி. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி இருந்தாலும், வெளிநாட்டுத் தரகரிடம் கரன்சி ஆட மார்ஜின் (முன்பணம்) கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகாரமில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு, அவ்வப்போது நீட்டிக்கொண்டே வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒரு செயலி அங்கீகாரம் பெற்றது என்று ஆகிவிடாது.

திருப்பூர்_கணக்கர்

பூனைத் தம்பி, மீதிப் பாதியையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். எங்கள் முதலாளி ஆறு மாதம் பேசாமல் இருந்ததில் தொழிலைவிட உடம்புதான் அதிகம் கெட்டது.

கணக்கு_வாத்தியார்

உள்நாட்டிலும் இப்போது கதை மாறிவிட்டது. 2024 ஜனவரி 5-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை, அந்த மே 3-லிருந்து நடப்பில். ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்சில் போட வேண்டுமென்றால் உண்மையிலேயே அந்த நாணயத்தில் உங்களுக்கு வரவோ செலவோ இருக்க வேண்டும். பத்து கோடி டாலர் வரை காகிதம் காட்ட வேண்டாம், ஆனால் இருக்கத்தான் வேண்டும். டிக், உங்கள் பிரிவில் அதற்கப்புறம் கூட்டம் எப்படி?

டிக்_பை_டிக்

கூட்டமா? ஏப்ரலிலேயே தரகர்கள் "உறுதிமொழி கொடு, இல்லையென்றால் பொசிஷனை முடி" என்று மடல் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் பத்தாயிரம் லாட் விற்க நின்ற விலையில் இப்போது ஈ ஓட்டுகிறார்கள். நான் நிஃப்டிக்கு மாறிவிட்டேன்.

திருப்பூருக்கு மட்டும் ஒன்று. ஆட வந்த நாங்கள் போனதில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றுவிட்டது. சின்ன ஏற்றுமதியாளர் எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஜ் செய்யப் போனால் இப்போது அதிகம் கொடுக்க வேண்டும். நாங்கள் உங்களிடம் எடுத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. இடத்தையும் காத்துக்கொண்டிருந்தோம்.

திருப்பூர்_கணக்கர்

அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் வங்கியிலேயே போட்டுக்கொள்கிறோம். வங்கி தான் எடுக்கும் பைசாவைக் கூட்டிவிட்டது, கேட்டால் "எக்ஸ்சேஞ்சில் போய்ப் பாருங்கள்" என்கிறார் மேனேஜர்.

கேள்விக்குறி

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இழை முழுவதையும் நேற்று இரவு மச்சினனுக்கு அனுப்பினேன். காலையில் பதில் வந்தது:

"படித்தேன் மாமா. வாத்தியார் சார் தெளிவாகப் போட்டிருக்கிறார். எப்படிக் கூட்டினாலும் பூஜ்யம்தானே? அப்போது நஷ்டம் வராது."

சூடுபட்ட_பூனை

அவரை எனக்குத் தனிமடல் போடச் சொல்லுங்கள்.